பில்லில் வரி பூஜ்யம் என்று இருந்தால் கொஞ்சம் நில்லுங்கள்

அமெரிக்காவில் இருக்கும் நம் மக்கள் இணையத்தில் வேறு மாநிலத்துக் கடையிலிருந்தோ நம் ஊரிலிருந்தோ விலை கூடிய பொருளை வரவழைக்கும்போது, பில்லில் வரி என்ற இடத்தில் பூஜ்யம் இருந்தால், அந்த வரியை நாமே நம் மாநிலத்துக்குக் கட்ட வேண்டியிருக்கும். இந்த ஒரு விஷயத்தை யாராவது எனக்கு முன்னாலேயே சொல்லியிருந்தால் 2023-ஆம் ஆண்டின் இலையுதிர் காலம் எங்கள் வீட்டில் அவ்வளவு கலக்கமாகப் போயிருக்காது. சொல்ல ஆள் இல்லை. இங்கே வந்து இத்தனை வருடத்தில் எத்தனையோ வீடுகளில் சாப்பிட்டபடி டாக்ஸைப் பற்றிப் பேசியிருக்கிறோம். யூஸ் டாக்ஸ் என்ற இந்த வரியைப் பற்றி ஒரு வீட்டிலும் பேச்சு வந்ததில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது கலிஃபோர்னியாவில், சன்னிவேல். 2021-இல் வீடு வாங்கியதும், ஹாலில் ஒரு தேக்கு ஊஞ்சல் போட வேண்டும் என்பது என் மாமியாரின் ஆசை, எனக்கும்தான். காரைக்குடிப் பக்கம் மர வேலை செய்யும் ஒரு கடை, வெப்சைட்டில் படம் போட்டு வெளிநாட்டுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. பித்தளைச் சங்கிலியோடு ஊஞ்சல், 6,400 டாலர். கப்பல் கூலி தனியாக 1,200. "வரி ஏதாவது இருக்கா?" என்று ஃபோனில் கேட்டேன். "எக்ஸ்போர்ட்டுக்கு வரியே கிடையாதும்மா, நீங்க அதை நினைச்சு கவலைப்படாதீங்க" என்றார் கடைக்காரர். அவர் சொன்னது இந்தியா வரைக்கும் சரிதான். சரக்கு ஓக்லண்ட் துறைமுகம் வந்ததும் கஸ்டம்ஸ் புரோக்கர் ஒருவர் பேப்பர் எல்லாம் பார்த்துவிட்டு, மர நாற்காலி, மேஜை வகைகளுக்கு இறக்குமதித் தீர்வை இல்லை, சில்லறைக் கட்டணங்கள் மட்டும்தான் என்று சொல்லித் தன் கூலியை வாங்கிக்கொண்டார். அப்போது நிலைமை அப்படித்தான் இருந்தது. கஸ்டம்ஸ் முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று யாருக்கும் தோன்றத்தானே செய்யும்? எங்களுக்கும் தோன்றியது.

அதே வருடம் மகளுக்கு ஒரு வயலின் வாங்கினோம். அவளுடைய டீச்சர் கைகாட்டியது ஓரிகானில் கையாலேயே வயலின் செய்யும் ஒரு சின்னப் பட்டறை. ஆன்லைனில் ஆர்டர், 2,400 டாலர், பத்திரமாகப் பெட்டி வந்து சேர்ந்தது. அந்த பில்லிலும் வரி பூஜ்யம். ஓரிகானில் சேல்ஸ் டாக்ஸே இல்லை என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் அதில் வித்தியாசமாக எதுவும் படவில்லை.

இரண்டு வருடம் கழித்துத் தபாலில் ஒரு கடிதம். மாநிலத்தின் வரி இலாகாவிலிருந்து. ஓக்லண்டில் இறங்கிய சரக்கின் கஸ்டம்ஸ் எண், தேதி, மதிப்பு 7,600 டாலர், இறக்குமதி செய்தவர் என்று என் வீட்டுக்காரர் பெயர். இதற்கு யூஸ் டாக்ஸ் கட்டியதாக எங்களிடம் பதிவு இல்லை, இந்தத் தேதிக்குள் கணக்குக் காட்டிக் கட்டவும், அல்லது ஏன் பொருந்தாது என்று எழுதவும் என்று இருந்தது. படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. காரணம் பணம் மட்டும் இல்லை. நாங்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் பேப்பர் சேர்த்துக்கொண்டிருந்த நேரம் அது. அதற்கான என்-400 படிவத்தில், மத்திய, மாநில, உள்ளூர் வரி ஏதாவது கெடு தாண்டிப் பாக்கி வைத்திருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி உண்டு. இத்தனை வருடம் ஒரு பார்க்கிங் டிக்கெட்டைக்கூட பாக்கி வைக்காமல் இருந்துவிட்டு, அந்தக் கேள்விக்கு 'ஆம்' என்று எழுத வேண்டி வருமோ என்ற பயம். என் வீட்டுக்காரர் அன்று ராத்திரி தூங்கவே இல்லை. "நாம யாரையும் ஏமாத்தலையே" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

முதலில் ஒன்று. இப்படி ஒரு கடிதம் வந்தால், அதில் உள்ள நம்பருக்கு உடனே ஃபோன் போடாதீர்கள். இந்த நாட்டில் வரி இலாகா பெயரைச் சொல்லி வரும் மோசடிகள் ஏராளம். அந்த இலாகாவின் வெப்சைட்டை நீங்களே தேடிப் போய், அங்கே இருக்கும் நம்பரில் பேசிக் கடிதம் அவர்களுடையதுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கலிஃபோர்னியாவில் இதைப் பார்ப்பது சி.டி.டி.எஃப்.ஏ. என்கிற இலாகா. வருமான வரிக்கு நாம் வருடா வருடம் கணக்குத் தாக்கல் செய்யும் ஃப்ரான்சைஸ் டாக்ஸ் போர்டு வேறு, இது வேறு. வருமான வரிப் பக்கம் கூப்பிட்டால் இங்கே அனுப்புவார்கள். எங்கள் கடிதம் அசல்தான்.

சரி, இது என்ன வரி? கலிஃபோர்னியா 1933-இல் சேல்ஸ் டாக்ஸ் கொண்டுவந்தது, 1935-இலேயே யூஸ் டாக்ஸும் வந்துவிட்டது. உள்ளூர்க் கடையில் வாங்கினால் கடைக்காரர் வரி வசூலித்து அரசுக்குக் கட்டுகிறார். வெளியிலிருந்து வரி இல்லாமல் வாங்கி இங்கே கொண்டுவந்து பயன்படுத்தினால், அதே விகிதத்தில் வாங்கியவர் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் எல்லோரும் பக்கத்து மாநிலத்தில் வாங்கிக்கொள்வார்கள், உள்ளூர்க் கடை படுத்துவிடும். வாஷிங்டன் மாநிலம் இப்படிப் போட்ட வரி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1937-இலேயே சொல்லிவிட்டது. சேல்ஸ் டாக்ஸ் உள்ள 45 மாநிலங்களிலும் இது உண்டு. அலாஸ்கா, டெலவேர், மொன்டானா, நியூ ஹாம்ப்ஷயர், ஓரிகான் ஆகிய ஐந்தில் மட்டும் மாநில அளவில் சேல்ஸ் டாக்ஸ் கிடையாது.

அப்படியென்றால் ஏன் இது யாருக்கும் தெரியவில்லை? இதை நான் நிறைய யோசித்தேன். 1992-இல் குவில் என்ற ஆஃபீஸ் சாமான் கம்பெனி வழக்கில், ஒரு மாநிலத்துக்குள் கடையோ குடோனோ ஆட்களோ இல்லாத விற்பனையாளரை வரி வசூலிக்கும்படி அந்த மாநிலம் கட்டாயப்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதனால் இணைய வியாபாரம் வளர்ந்த காலம் முழுக்க, வெளி மாநிலத்தில் வாங்கினால் வரி இல்லை என்பது போன்ற ஒரு பழக்கம் ஊறிவிட்டது. வரி இருந்தது, வசூலிக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். தெற்கு டகோட்டா மாநிலம் 2016-இல் ஒரு சட்டம் போட்டது: எங்கள் மாநிலத்துக்குள் வருடத்துக்கு 1,00,000 டாலருக்கு மேல் விற்றால், அல்லது 200 விற்பனையோ அதற்கு மேலோ போனால், உங்களுக்கு இங்கே கடை இல்லாவிட்டாலும் வசூலிக்க வேண்டும். வேஃபேர், ஓவர்ஸ்டாக், நியூஎக் என்ற மூன்று இணையக் கடைகளும் எதிர்த்து நின்றன. 2018 ஜூன் 21 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தெற்கு டகோட்டா பக்கம் தீர்ப்பளித்துப் பழைய விதியைத் தள்ளியது. அதன் பிறகு மற்ற மாநிலங்களும் தங்களுக்கென்று ஒரு வரம்பு வைத்துக்கொண்டன. கலிஃபோர்னியாவின் வரம்பு வருடத்துக்கு 5,00,000 டாலர். 2019 அக்டோபர் 1 முதல், அமேசான், எட்சி, ஈபே மாதிரித் தளங்களே அவற்றில் விற்கும் சின்ன வியாபாரிகளின் சார்பிலும் வரியை வசூலித்துக் கட்ட வேண்டும் என்றும் ஆயிற்று.

நமக்குத் தலைவலி வருவது இதற்கு அப்புறம் மிஞ்சியிருக்கும் சந்தில்தான். வழக்கமான தளங்களில் எல்லாம் வரி தானாகவே பிடிக்கப்படுவதால், பிடிக்காத இடத்தில் வரியே இல்லை என்று மனசு எடுத்துக்கொள்கிறது. அந்த ஓரிகான் பட்டறை வருடம் முழுக்க விற்றாலும் கலிஃபோர்னியாவில் 5,00,000 டாலரைத் தொடாது. அவர் வசூலிக்கத் தேவையில்லை, அதில் அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. ஆனால் வரி அதனால் காணாமல் போவதில்லை, நம் கைக்கு வந்துவிடுகிறது. வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைப்பதும் அப்படியே. கஸ்டம்ஸ் தீர்வை மத்திய அரசுக்கு, யூஸ் டாக்ஸ் மாநிலத்துக்கு. ஒன்றைக் கட்டியதால் மற்றதில் கழிவு கிடையாது. வேறொரு அமெரிக்க மாநிலத்தில் சேல்ஸ் டாக்ஸ் கட்டி வாங்கியிருந்தால் மட்டும் அதைக் கழித்துக்கொண்டு மீதி வித்தியாசத்தைக் கட்டினால் போதும், அதற்கு ரசீது வேண்டும்.

கடிதம் வந்த வாரத்தில் எங்கள் 2021 மாநில வருமான வரிக் கணக்கை எடுத்துப் பார்த்தேன். படிவம் 540, வரிசை எண் 91. யூஸ் டாக்ஸ் என்று அச்சிட்டிருக்கிறது, எதிரே 0. அதற்குக் கீழே இரண்டு சின்னக் கட்டங்கள்: யூஸ் டாக்ஸ் எதுவும் கட்ட வேண்டியதில்லை என்று ஒன்று, நேரடியாகக் கட்டியாயிற்று என்று இன்னொன்று. முதல் கட்டத்தில் ஒரு எக்ஸ் குறி. எங்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் இதைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்டதில்லை. ஃபோன் பண்ணிக் கேட்டபோது, "எல்லாருக்கும் அப்படித்தான் போடுவோம் மேடம், சாஃப்ட்வேர்லயே அப்படித்தான் வரும்" என்றார். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அந்தப் படிவத்தின் கடைசியில், இதில் உள்ளது உண்மை, பொய் என்றால் தண்டனைக்கு உரியவர் என்ற வாசகத்தின் கீழ் கையெழுத்துப் போட்டது நாங்கள், அவர் இல்லை. உங்களுக்குக் கணக்குப் போடுகிறவர் யாராக இருந்தாலும், இந்த வருடம் 91-ஆம் வரிசையில் என்ன போட்டீர்கள், ஏன் என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டால்தான் வாயைத் திறக்கிறார்கள்.

அந்த வரிசையைச் சரியாக நிரப்புவது கஷ்டமே இல்லை. ஒவ்வொன்றும் 1,000 டாலருக்குக் குறைவான சொந்த உபயோகப் பொருள்களுக்கு, வருமானத்தை வைத்துச் சொற்பத் தொகை குறித்த ஓர் அட்டவணை கையேட்டில் இருக்கிறது. அதைப் பார்த்து எழுதிவிடலாம், ஒவ்வொரு பில்லையும் தேட வேண்டாம். 1,000 டாலரும் அதற்கு மேலும் போகும் பொருளுக்கு மட்டும் விலையை உங்கள் ஊர் வரி விகிதத்தால் பெருக்கிச் சேர்க்க வேண்டும். மாநிலம் முழுக்க அடிப்படை விகிதம் 7.25 சதவீதம். ஊருக்கு ஊர் அதன் மேல் கூடும். பொருள் வந்த சமயத்தில் சன்னிவேலில் 9.125. ஏப்ரலில் வருமான வரியோடு சேர்த்துக் கட்டிவிட்டால் அபராதமும் இல்லை, வட்டியும் இல்லை. வேலை அவ்வளவுதான். அந்த இரண்டு பொருளுக்கும் 2022 ஏப்ரலிலேயே இதைச் செய்திருக்கலாமே என்று நினைக்கும்போதுதான் ஆதங்கமாக இருக்கிறது.

விட்டுப்போனதைத் திருத்திய வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து சரி பண்ணிவிடலாம் என்று நான் முதலில் நினைத்தேன். நண்பர் ஒருவரும் அதையே சொன்னார். வேண்டாம். யூஸ் டாக்ஸை மாற்ற அந்த வழி கிடையாது, சி.டி.டி.எஃப்.ஏ.விடமே போக வேண்டும் என்று படிவம் 540-இன் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. அந்த இலாகாவின் வெப்சைட்டிலேயே ஒரு தடவை வாங்கிய பொருளுக்குக் கணக்குக் காட்டிப் பணம் கட்டலாம்.

பயத்தில் அவர்கள் எழுதிய தொகையை அப்படியே கட்டிவிடாதீர்கள். என் வீட்டுக்காரர் கட்டிவிடத்தான் சொன்னார். நான் பழைய ஈமெயிலைத் தோண்டிக் கடைக்காரரின் பில்லை எடுத்தேன். பில்லில் பொருள் 6,400, கப்பல் கூலி 1,200 என்று இரண்டும் தனித்தனியாக இருந்தன. புரோக்கர் இரண்டையும் கூட்டி 7,600 என்று கஸ்டம்ஸில் காட்டியிருக்கிறார். கலிஃபோர்னியாவில், வெளிக் கம்பெனி மூலம் அனுப்பும் செலவு பில்லில் தனியாகக் காட்டப்பட்டிருந்தால் அதற்கு வரி இல்லை. பேக்கிங், ஹேண்ட்லிங் என்று இருந்தால் வரி உண்டு, அதைச் சேர்த்து எழுதிவிட்டால் சிக்கல். எங்கள் பில் தெளிவாக இருந்ததால் 6,400-க்கு மட்டும் கணக்குக் காட்டி, பில்லையும் கப்பல் ரசீதையும் இணைத்தோம். வரி 584 டாலர். 7,600-க்குக் கட்டியிருந்தால் இன்னும் 109.50 வீணாகப் போயிருக்கும். ஆர்டர் கொடுக்கும்போதே பொருள் விலை, அனுப்பும் கூலி, பேக்கிங் மூன்றையும் தனித்தனியாக எழுதிய பில் கேளுங்கள், பி.டி.எஃப். ஆக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் கடைகளின் வெப்சைட் இன்றைக்கு இருக்கும், அடுத்த வருடம் இருக்காது.

வயலினை என்ன செய்வது என்பதில் எங்களுக்குள் வாக்குவாதமே வந்தது. கடிதத்தில் வயலின் பற்றி ஒன்றும் இல்லை. "கேக்காததை ஏன் நாமா போய் சொல்லணும்?" என்றார் இவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. குடியுரிமைப் படிவத்தில் பாக்கி இல்லை என்று எழுதும்போது அது நிஜமாகவே இல்லாமல் இருக்க வேண்டும். தவிர, எங்கள் தெருமுனையில் இசைக் கருவிக் கடை வைத்திருப்பவர் ஒவ்வொரு வயலினுக்கும் வரி வசூலித்துக் கட்டுகிறார். அவரிடம் வாங்கியிருந்தால் முகம் சுளிக்காமல் கொடுத்திருப்போம். அந்தப் பணம்தான் ஊருக்கும் கவுண்டிக்கும் போகிறது, நாம் ஓட்டும் ரோட்டுக்கும் ஏறும் ரயிலுக்கும் போகிறது. வரி நியாயமானது என்றுதான் நினைக்கிறேன். இவ்வளவு பேருக்குத் தெரியாமல் இருப்பதுதான் அநியாயம். கடைசியில் வயலினுக்கும் 219 டாலர் கணக்குக் காட்டினோம்.

இரண்டுக்கும் வரி 803. தாமதத்துக்கு 10 சதவீத அபராதம் 80.30. வட்டி தொண்ணூறு டாலர் பக்கம். இதையெல்லாம் ஒரு தடவை சரிபார்க்க வேறொரு கணக்காளரிடம், உரிமம் பெற்ற சி.பி.ஏ. ஒருவரிடம் போனோம், அவர் ஃபீஸ் 300. எல்லாம் சேர்த்து 1,200 டாலருக்கு மேல். இதில் வரி எப்படியும் கட்ட வேண்டியது, மீதி முழுக்க வெறும் தண்டம். அபராதத்தைத் தள்ளுபடி செய்யக் காரணம் எழுதிக் கேட்கலாம் என்று அந்த சி.பி.ஏ. சார்தான் சொன்னார். நடந்ததை நடந்தபடி எழுதி, கணக்குப் போட்டவரிடமிருந்து வந்த ஈமெயிலையும் வைத்துக் கேட்டோம், ஏற்றுக்கொண்டார்கள். வட்டியைக் கழிக்கவில்லை. பாக்கி இல்லை என்பதற்கான பேப்பரை அச்செடுத்துக் குடியுரிமை ஃபைலில் வைத்த பிறகுதான் வீட்டில் பழையபடி பேச்சுச் சத்தம் கேட்டது.

மற்ற மாநிலத்தில் இருப்பவர்களுக்கும் ஒன்றிரண்டு சொல்ல வேண்டும். எடிசன் பக்கம் இருக்கும் என் தங்கைக்கு வருமான வரிப் படிவத்திலேயே யூஸ் டாக்ஸுக்கு ஓர் இடம் இருக்கிறது. நியூ ஜெர்சி விகிதம் 6.625 சதவீதம், ஆனால் அங்கே துணிமணிக்கு வரி இல்லை, அதனால் பட்டுப் புடவை வரவழைத்தால் பயப்பட வேண்டாம். அதே புடவை கலிஃபோர்னியாவுக்கு வந்தால் வரி உண்டு. டெக்சாஸில் தனிநபர் வருமான வரியே இல்லாததால் இந்த வரியை யாரும் ஞாபகப்படுத்தப் போவதில்லை, 01-156 என்ற தனிப் படிவத்தில் நீங்களாகத்தான் தாக்கல் செய்ய வேண்டும். கொலராடோவில், வரி வசூலிக்காத விற்பனையாளரே வருடத்துக்கு 500 டாலருக்கு மேல் வாங்கியவருக்கு ஜனவரி கடைசிக்குள் கணக்கு அனுப்பி, மாநிலத்துக்கும் தகவல் கொடுக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அப்படி ஒரு தபால் வந்தால் விளம்பரம் என்று குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

ஊருக்குப் போய் டி.நகரில் நகை வாங்கி வருகிறவர்களுக்கும் இது பொருந்தும். கலிஃபோர்னியாவுக்கு நீங்களே கையில் கொண்டுவரும் பொருளில், 30 நாளைக்குள் ஆளுக்கு முதல் 800 டாலர் வரைக்கும் யூஸ் டாக்ஸ் இல்லை. அதற்கு மேல் உண்டு. தபாலிலோ கப்பலிலோ வந்தால் அந்த 800 சலுகையும் கிடையாது. ஏர்போர்ட்டில் நேர்மையாக எழுதிக் கொடுக்கும் கஸ்டம்ஸ் தகவல், ஊஞ்சல் தகவல் போன அதே இலாகாவுக்குத்தான் போகிறது. அம்மா உங்களுக்குக் கொடுத்த பழைய நகை நீங்கள் விலைக்கு வாங்கியது இல்லை, அதற்கு இந்த வரி வராது. புதிதாக வாங்கியதற்குக் கடை பில்லை எடுத்து வைத்திருங்கள், வருகிற ஏப்ரலில் 91-ஆம் வரிசையில் சேர்த்துவிடுங்கள்.